நாட்கூலிக்கு ஆள் எடுத்தாலும் நீங்கள் முதலாளிதான்

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டு வேலைகள் எடுத்துச் செய்கிறேன். கம்பனி எல்லாம் இல்லை. இரண்டு மேசன்மார், கையுதவிக்கு மூன்று பேர், நான். கூரை, பைப், வெல்டிங் வேலையும் வரும். கோடையில் கிணறு இறைத்து ஆழமாக்குவோம். இப்போது கனடாவில் இருக்கும் ஒருவர் தன் காணியில் வீடு கட்டித் தரக் கேட்கிறார். விலை பேசி முடிந்த பிறகு, "உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். போன வருடம் ஒரு பெடியன் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது முழுச் செலவையும் நானே பார்த்தேன். இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அவனும் எழுதித் தந்தான். லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. இதற்கு மேல் எங்களைப் போன்றவர்களுக்குத் தேவையா?

பதில்: தேவை. வீட்டுக்காரர் கேட்டதற்காக அல்ல, உங்களோடு வேலைக்கு வரும் அந்த ஐந்து பேருக்காக முதலில் தேவை.

கம்பனி இல்லை, நாட்கூலிதான், கடிதமும் கொடுக்கவில்லை, அதனால் பொறுப்பும் இல்லை என்ற எண்ணம் நம் பக்கத்து வேலைத்தலங்களில் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. உங்கள் தொழிலுக்காக ஒருவரை வேலைக்கு எடுத்தால், வாய்ப்பேச்சில் எடுத்தாலும், நாளுக்குக் கூலி கொடுத்தாலும், செய்த வேலைக்கு அளந்து கொடுத்தாலும் அவர் தொழிலாளி, நீங்கள் முதலாளி. வேலையின்போது, வேலை காரணமாக அவருக்கு நேரும் விபத்துக்கு நீங்கள் நட்டஈடு கொடுக்க வேண்டும். 2022இல் வந்த திருத்தத்தோடு, வேலைக்கு வந்து போகும் வழியில் நேரும் விபத்தும் இதற்குள் வந்துவிட்டது.

போன வருடம் அந்தப் பெடியனின் செலவை நீங்கள் பார்த்தது மனிதர் செய்யும் வேலை. ஆனால் அவர் எழுதித் தந்த துண்டை நம்பியிருக்க வேண்டாம். தொழிலாளி தன் நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் உடன்படிக்கை இந்தச் சட்டத்தின்கீழ் செல்லாது. தொகை பேசித் தீர்ப்பதென்றால் அந்த இணக்கத்தைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பதும் பாதிக் கதைதான். முறிந்த கை பொருந்த மூன்று மாதம் எடுத்தால், அந்த மூன்று மாதமும் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. விரல் போனால், முதுகெலும்பு போனால், உயிர் போனால் என்ற கணக்கு இன்னும் பெரிது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்திருந்தாலும் அது தனியாள் வியாபாரம்தான். கடன் உங்கள் காணிக்கும் உழவு இயந்திரத்துக்கும் வரும்.

ஆகவே கையில் இருக்கும் காசு ஒரு காப்புறுதிக்குத்தான் போதும் என்றால் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியை எடுங்கள். அதன் கட்டுப்பணம் (பிரீமியம்) நீங்கள் ஒரு வருடத்தில் கொடுக்கும் மொத்தக் கூலியை வைத்தே கணிக்கப்படும். கணக்குக்கு மேசனுக்கு நாளுக்கு 4,000, கையுதவிக்கு 3,000 என்று வைப்போம். ஐந்து பேருக்கும் ஒரு நாளைக்கு 17,000. மாதம் 20 நாள் என்றால் 3,40,000. மாரி மழையில் இரண்டு மாதம் கழித்துப் பத்து மாதத்துக்கு 34 இலட்சம். விண்ணப்பத்தில் எழுத வேண்டிய தொகை இதுதான். கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காக 15 இலட்சம் என்று எழுதச் சொல்லும் முகவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. விபத்து நடந்ததும் நிறுவனம் கேட்கும் முதல் ஆவணம் சம்பளப் புத்தகம். அதில் இருப்பதும் விண்ணப்பத்தில் இருப்பதும் பொருந்தாவிட்டால் கொடுப்பனவு வெட்டப்படும்.

இந்தக் காப்புறுதி உங்களை உள்ளடக்காது என்பதையும் கவனியுங்கள். நீங்கள் முதலாளி. நீங்களும் சாரத்தில் ஏறுகிறவர் என்றால் உங்கள் பெயருக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி தனியாக வேண்டும்.

விண்ணப்பத்தில் 'கட்டட வேலை' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். செய்யும் வேலைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள்: கூரை, எத்தனை அடி உயரம் வரை, வெல்டிங், கிணறு. பூச்சு வேலை என்று எழுதிவிட்டுக் கிணற்றுக்குள் ஆள் இறக்கியிருந்தால் உங்கள் கோரிக்கை நிற்காது.

கிணறு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மேலே வைத்த பம்ப், நடைமுறையில் ஏழு மீற்றருக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. வன்னியில் கோடையில் நீர்மட்டம் அதற்கும் கீழே போகும். உடனே மண்ணெண்ணெய் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் பலகை போட்டு இறக்குவார்கள். எஞ்சின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்று ஓடாத குழிக்குள் அது தேங்கிவிடும். இறங்கியவருக்குத் தலை சுற்றும், கால் சோரும், ஏணியைப் பிடிக்கக் கை வராது. அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். எஞ்சினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். நீரில் அமிழ்த்தும் மின்பம்பை, ட்ரிப் சுவிட்ச் வழியாக மின்சாரம் கொடுத்துப் பயன்படுத்துங்கள். ஆள் உள்ளே நிற்கும்போது அதையும் நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். இறங்குபவரின் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடிக்க இரண்டு பேர். எந்தக் காப்புறுதியும் ஆளைத் திருப்பித் தராது.

சாரமும் அப்படித்தான். பெரும்பாலும் தடி முறிந்து ஆள் விழுவதில்லை, கட்டாத பலகையால்தான் விழுகிறார். பலகையின் முனை குறுக்குத்தடியைத் தாண்டி இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும். சாந்துச் சட்டியோடு அதில் கால் வைத்தால் மறுமுனை எழும்பும். இரு முனையையும் கட்டுங்கள்.

அடுத்தது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. உங்கள் வேலையால் வெளியாளுக்கோ அவரின் சொத்துக்கோ வரும் சேதத்துக்கு இது. கடைத்தொகுதியில் ஒரு கடைக்கு இரும்புக் கதவு வெல்டிங் பண்ணும்போது பொறி பக்கத்துத் துணிக்கடைக்குள் போனால் கணக்கு உங்கள் தலையில். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நெருப்பு ஒரு கடையோடு நிற்காது. 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் ஒரு தொன் எடை. தாங்கு மேடை இறங்கி அது பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தாலும் இதே பத்திரம்தான் பேசும். ஆனால் நீங்கள் பிழையாகக் கட்டிய மேடையைத் திரும்பக் கட்டும் செலவை அது தராது. பிழையான வேலையைத் திருத்துவது உங்கள் பாடு, அதனால் மற்றவருக்கு வந்த சேதம்தான் அவர்கள் பாடு. கோரிக்கை வந்த பிறகுதான் பலருக்கு இந்த வேறுபாடு தெரியவருகிறது. வெல்டிங்குக்குத் தனி நிபந்தனையும் இருக்கும்: தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும், வேலை முடிந்த பிறகும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்பது போல. அவற்றை வாசித்து அப்படியே செய்யுங்கள்.

கனடாக்காரரின் வீட்டுக்கு மூன்றாவது ஒன்றும் பொருந்தும்: ஒப்பந்தகாரர் முழு இடர் காப்புறுதி. கட்டி முடியாத வேலையையும் தளத்தில் கிடக்கும் பொருளையும் அது காக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து வெள்ளம் பாய்ந்ததை நினைத்துப் பாருங்கள். அத்திவாரக் கிடங்கு சரிந்து, அடுக்கி வைத்த சீமெந்து மூட்டை எல்லாம் கல்லானால் அந்தக் காசு யாருடையது? சீமெந்தும் கம்பியும் அவர் அனுப்பிய பணத்தில் வாங்கியவை, காவல் உங்கள் கையில். இதை இப்போதே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் அவரின் பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்து இருக்கட்டும். அவர் வாங்கித் தரும் பொருளின் பெறுமதியும் தொகைக்குள் வரட்டும். கட்டுப்பணத்தை விலைப்பட்டியலில் தனி வரியாகக் காட்டுங்கள். கேட்டவர் அவர்தான், தர மறுக்கமாட்டார். அரச ஒப்பந்த வேலைகளிலும் இந்த மூன்றையும் கேட்பார்கள். நாளைக்கு ஒரு பாடசாலைக் கட்டடத்துக்குக் கேள்விமனு போட நினைத்தால் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பத்திரத்தின் விலக்குகளில் 'போர்' என்ற சொல்லைத் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் அத்திவாரம் வெட்டுபவர்களுக்கு இது வெறும் எழுத்தல்ல. நிலத்துக்குள் கிடக்கும் பழைய வெடிபொருளால் வரும் சேதம் இந்த விலக்குக்குள் விழுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மண்வெட்டியில் இரும்பு தட்டினால் வேலையை நிறுத்தி, தொடாமல், ஆட்களை விலக்கிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

லாண்ட் மாஸ்டர் காப்புறுதி வாகனத்துக்கானது. கட்டுமிடத்தில் விழுந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. பெட்டியில் ஆட்களை ஏற்றிப் போவது அந்தப் பத்திரத்தின் பாவனை நிபந்தனைக்குப் புறம்பாகவும் இருக்கலாம், அதையும் எடுத்து வாசியுங்கள்.

கருவிகளுக்கு எடுப்பதென்றால் முழுப் பெறுமதிக்கு எடுங்கள். நான்கு இலட்சம் பெறுமதியான கிரைண்டர், டிரில், வெல்டிங் பிளான்ட் எல்லாவற்றையும் இரண்டு இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, ஒரு இலட்சத்துக்குக் களவு போனால் கிடைப்பது 50,000தான். பாதிக்குக் காத்தால் பாதிதான் தருவார்கள். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகையைக் கழிப்பார்கள். சிறிய தொழிலுக்கு இதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அன்றைக்கே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். விழுந்த இடத்தைப் படம் எடுங்கள், முறிந்த பலகையை எரித்துவிடாதீர்கள். பெரிய காயம் என்றால் பொலிஸ் பதிவு வேண்டும். ஆஸ்பத்திரி தரும் நோய் நிர்ணய அட்டையின் பிரதியை எடுத்து வையுங்கள். வெளியாளின் சொத்துச் சேதத்தில், நிறுவனத்தைக் கேட்காமல் "முழுவதையும் நான் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். பத்திரத்தின் நிபந்தனையை அது மீறும்.

சம்பளப் புத்தகத்துக்கு 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். நாளைக் காலை வேலை தொடங்க முன் ஐந்து பேரின் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை, நாட்கூலி எழுதுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி கொடுக்கும்போது தொகைக்கு எதிரே கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதப் பக்கங்களோடு இரண்டு மூன்று நிறுவனங்களின் கிளைகளுக்குப் போய், ஒரே விவரத்தைக் கொடுத்து எழுத்தில் விலை கேளுங்கள். காசு கட்டியதும் பற்றுச்சீட்டையும், பத்திரம் தொடங்கும் திகதியையும் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பி வையுங்கள்.