லிஃப்டில் வந்த ஆன்ட்டிக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. தேசிய சேவை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில், "யோபு புத்தகத்தில் வரும் சாத்தான் கடவுளுக்கு எதிரியே இல்லை. அவர் சபையில் உத்தியோகம் பார்ப்பவன், குற்றம் சாட்டுவது அவன் வேலை" என்று எல்லார் முன்னாலும் வாதாடினான். லூசிபர் என்று ஒருவன் வானத்திலிருந்து விழவே இல்லையாம். என் கணவர் மேசையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார். மாமியார் மட்டும், "அப்ப யோபுக்குப் பருவைப் போட்டது யாருய்யா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இப்போதெல்லாம் பெரியவர்களிடம் மரியாதையே இல்லை. எங்கள் ஜெபக் குழு ஆன்ட்டி ஒருவர் லிஃப்டில் பார்த்து, "படிப்புக்கு ஒரு செமஸ்டர் லீவு போட்டிருந்தியே, முடிஞ்சிடுச்சாப்பா? உனக்காக ஜெபிக்கிறோம்" என்றதற்கு முறைத்திருக்கிறான். பிசாசின் பிடியில் இருக்கிறானோ என்று பயமாக இருக்கிறது. அவனை எப்படி மீட்பது?
– வாசகி, செங்காங்

பதில்: அவன் செமஸ்டர் லீவு எடுத்தது லிஃப்டில் வந்த ஆன்ட்டிக்கு எப்படித் தெரிந்தது, தங்கச்சி?

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சாத்தானுக்கு எத்தனையோ வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை படிப்பை ஒரு செமஸ்டர் நிறுத்தியிருக்கிறான். அது அந்த ஆன்ட்டி வாயால்தான் எனக்குத் தெரிய வருகிறது. ஏன் நிறுத்தினான், உடம்புக்கா, மனசுக்கா, பாடம் ஏறவில்லையா, ஒரு வார்த்தை இல்லை. அவனாகப் போய் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டான். நீங்கள்தான் குழுவில் 'ஜெபக்குறிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பிலா, வாயாலா என்பதுதான் எனக்குத் தெரியாது.

இந்தப் பகுதிக்கு இதே கடிதம் பல வருடமாக வருகிறது. பிள்ளை சர்ச்சுக்கு வர மாட்டேன் என்கிறான், பிள்ளை திருநீறு பூச மறுக்கிறாள், பிள்ளை தொழுகையை விட்டுவிட்டான். மதம்தான் மாறும். பெற்றவர்கள் பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியாக எனக்கு எழுதுவார்கள். பிள்ளையிடம் மட்டும் பேசியிருக்க மாட்டார்கள்.

சரி, அவன் சொன்னதைப் பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டில் யாரும் வேதாகமத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஞாயிறு பள்ளியில் கொம்பும் வாலும் வரைந்த படத்துக்குப் பயந்து வளர்ந்தவள் நான். வயதான பிறகு உட்கார்ந்து வாசித்தபோதுதான் பல விஷயம் பிடிபட்டது. சாத்தான் என்ற எபிரேயச் சொல்லுக்கு எதிராளி, குற்றம் சாட்டுகிறவன் என்று பொருள். குற்றமில்லாத ஒருவன் பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழக்கிற கதைதான் யோபு புத்தகம். அதில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆள் பெயருக்கு முன்னால் அது வராது, பதவிக்கு முன்னால்தான் வரும். 'அந்த இன்ஸ்பெக்டர்' என்று நாம் சொல்வதுபோல. தேவபுத்திரர், அதாவது தேவதூதர்கள், கர்த்தர் முன்னால் வந்து நிற்கும்போது அவனும் அவர்களோடு வந்து நிற்கிறான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறான், அனுமதி வாங்கிக்கொண்டுதான் போகிறான். சகரியா 3-ஆம் அதிகாரத்திலும் பிரதான ஆசாரியனுடைய வலதுபக்கத்தில் நின்று குற்றம் சாட்டுகிறான். அரசுத் தரப்பு வழக்கறிஞர் மாதிரி என்று உங்கள் மகன் சொன்னால் அது கிறுக்குத்தனம் இல்லை.

பிலேயாமின் கழுதை கதை தெரியும்தானே? எண்ணாகமம் 22. வழியை மறித்துக்கொண்டு நின்ற தூதன் பிலேயாமுக்கு 'எதிராளியாக' நின்றான் என்று தமிழில் படிக்கிறோம். எபிரேயத்தில் அங்கே இருப்பதும் 'சாத்தான்' என்ற அதே சொல்தான். நின்றதோ கர்த்தருடைய தூதன்! தாவீது ஜனங்களைக் கணக்கெடுத்த கதை இன்னும் வேடிக்கை. 2 சாமுவேல் 24-இல் கர்த்தருடைய கோபம் தாவீதை ஏவிவிடுகிறது. அதே சம்பவம் 1 நாளாகமம் 21-இல் வரும்போது ஏவிவிட்டது சாத்தான் என்று இருக்கிறது. ஏசாயா 14-இல் வானத்திலிருந்து விழுகிற விடிவெள்ளி, பாபிலோன் ராஜாவைக் கேலி செய்து பாடிய பாட்டில் வருவது. லத்தீன் மொழிபெயர்ப்பில் விடிவெள்ளிக்குப் போட்ட சொல்தான் லூசிபர். பிசாசுக்கு அது பெயரானது பின்னால்.

ஆக, அவன் சொன்னதில் பெரும்பாதி வசனத்திலேயே இருக்கிறது. மீதியை அவன் சொல்லாமல் விட்டான். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவனை உத்தியோகஸ்தன் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. வெளிப்படுத்தல் 12 பழைய பாம்பையும் பிசாசையும் சாத்தானையும் ஒரே ஆளாகவே சொல்கிறது. பல நூற்றாண்டுகளில் எழுதிய புத்தகங்கள், படமும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள். பத்திரிகையில் பதில் எழுதும் கிழவியிடம் கேட்காதீர்கள்.

ஆனால் அதே 12-ஆம் அதிகாரத்தில் அடுத்த வசனத்தைப் படித்தீர்களா? இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றம் சாட்டினவன் கீழே தள்ளப்பட்டான் என்று இருக்கிறது. இரவும் பகலும், தங்கச்சி. அந்தக் குழுவும் அப்படித்தானே ஓடிக்கொண்டிருக்கும்?

எத்தனையோ புத்தகம் இருக்க, அவன் ஏன் யோபைப் பிடித்தான் என்று யோசித்தீர்களா? 42 அதிகாரம் உள்ள புத்தகத்தில் சாத்தான் இரண்டாம் அதிகாரத்தோடு காணாமல் போகிறான். அப்புறம் அவனைத் தேடினாலும் கிடைக்க மாட்டான். அவன் வேலையைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்துவிடுகிறார்களே, அவன் எதற்கு? நல்லவர்கள்தான். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். 7 நாள் ராப்பகலாக யோபோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் எலிப்பாஸ், "குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?" என்கிறான். பில்தாத், பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம், உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் அது என்று சாடை பேசுகிறான். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது இவர்கள்மேல். யோபு உங்களுக்காக ஜெபித்தால்தான் உங்களை விடுவேன் என்கிறார். குற்றம் சாட்டப்பட்டவன் குற்றம் சாட்டியவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதாயிற்று!

உங்கள் மகன் இதையெல்லாம் படித்திருக்கிறான். லிஃப்டில் "உனக்காக ஜெபிக்கிறோம்" என்று கேட்டபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? முறைத்ததோடு விட்டானே. அன்று கூட்டத்தில் அவன் பேசியது தர்க்கம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது ஒரு புகார் மாதிரிக் கேட்கிறது. 'குற்றம் சாட்டுவது அவன் வேலை' என்று, தன் லீவு விஷயம் தெரிந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்த ஹாலில் நின்று சொல்லியிருக்கிறான்.

பாசத்தில்தானே செய்தேன் என்பீர்கள். இயேசு தாம் கொல்லப்படப்போவதைச் சொன்னபோது, அப்படி நடக்கவே கூடாது என்று சீடன் பேதுருவும் பாசத்தில்தான் பேசினான். அவனைப் பார்த்தே, "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்று இயேசு சொல்ல வேண்டி வந்தது.

இதை எழுதும் எனக்கும் யோக்கியதை குறைவு. என் மகளின் சாதாரண நிலைத் தேர்வு முடிவை, அவள் பள்ளியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் என் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கணக்கில் தோற்றிருந்தாள். அவளுக்கு இப்போது நாற்பது வயது. நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் என்னிடம் கடைசியாகத்தான் சொல்கிறாள்.

நான் பழைய ஆள். பிள்ளை தப்பே செய்திருந்தாலும் வெளியே அவனுக்காகப் பேச வேண்டியது பெற்றவர்கள் கடமை. கண்டிப்பதெல்லாம் கதவைச் சாத்திய பிறகு. யோவான் முதல் நிருபத்தில் 'பரிந்து பேசுகிறவர்' என்று ஒரு சொல் வருகிறது, பார்த்திருப்பீர்கள். அந்த இடம் காலியாக இருக்கிறது உங்கள் வீட்டில்.

இன்றைக்கே குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: "என் மகன் விஷயத்தை அவனைக் கேட்காமல் இங்கே பகிர்ந்தது என் தவறு. இனி யாரும் அவனிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம்." இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் மறுபடியும் அவன் கதையைத்தான் சொல்வீர்கள். போட்டதை அவனிடம் காட்டுங்கள். உடனே உருகிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், ஏன் லீவு எடுத்தான் என்று கேளுங்கள். சாத்தான் பேச்சே எடுக்காமல் கேளுங்கள். மனசு சரியில்லை என்றால் பல்கலைக்கழகத்திலேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பலதுறை மருந்தகத்து மருத்துவரிடமும் போகலாம். பிசாசு ஓட்டுகிறேன் என்று யாரையாவது வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள் என்றால் அவன் வாசலைத் தாண்டிப் போய்விடுவான், சொல்லிவிட்டேன். மேசையைத் தட்டிய உங்கள் வீட்டுக்காரருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அவன்மேலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அன்று அந்த ஹாலில் உருப்படியான கேள்வியைக் கேட்டவர் உங்கள் மாமியார் ஒருவர்தான். பருவைப் போட்டது யார்? சாத்தான்தான் போட்டான், வசனம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னால், முகாந்தரமில்லாமல் இவனை அழிக்க நீ என்னை ஏவினாயே என்று கர்த்தரே அவனிடம் சொல்கிறார். அப்படியானால் பொறுப்பு யாருடையது? பதில் தெரிந்தவன், தெரியாவிட்டாலும் தேடிப் பார்க்கத் தெரிந்தவன், வயதானவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான். அதற்கு அவனை நீங்கள் திட்டலாம். இந்த வாரம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். இரண்டாம் அதிகாரம், மூன்றாம் வசனத்திலிருந்து.