ஆக்சிஜன் சென்சாரைப் புதிதாக மாற்றியும் செக் என்ஜின் லைட் மறுபடி எரிகிறது, அதே பி0135 கோட். வயரிங்கில் கோளாறு இருக்குமா?

இருக்கும். புது சென்சாருக்கும் அதே கோட் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது வயரிங்கைத்தான். பி0135 என்ன சொல்கிறது என்று பாருங்கள்: புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டுக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு, அவ்வளவுதான். சென்சார் போய்விட்டது என்று அது சொல்லவே இல்லை. ஃபியூஸ், ரிலே, கனெக்டர், வயர், இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் அந்தச் சர்க்யூட்டில் அடக்கம். கோட் வந்த பாகத்தைக் கழற்றிப் போடும் பழக்கத்தால் எத்தனையோ நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன.

புகையில் உள்ள ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிடும் இந்தச் சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சரியாக வேலை செய்யும். அதை விரைவில் சூடாக்கத்தான் உள்ளே ஒரு ஹீட்டர். பெரும்பாலான கார்களில் அதன் ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியாக நேராக 12 வோல்ட் வரும். மறுமுனைக்கு எர்த் கொடுப்பது இசியூ. ஆக, தேட வேண்டியது இரண்டு பாதை: வரும் பாசிட்டிவ், போகும் எர்த்.

மீட்டரைத் தொடுவதற்கு முன் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, கண்ணால் தேடுங்கள். இந்த வயர்கள் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்திலேயே ஓடுவதால் சூடு, சேறு, தண்ணீர் எல்லாம் இவற்றுக்குத்தான். நண்பர் ஒருவரின் காரில் மேடு ஏறும்போது மட்டும் இதே கோட் வந்துகொண்டிருந்தது. வயரைப் பிடித்து வைக்கும் கிளிப் ஒன்று உடைந்து, வயர் தொங்கி, வெப்பத் தடுப்புத் தகட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. மேலுறை ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறி வெடித்திருந்தது. உள்ளே ஒரு அரிசி அளவுக்குச் செம்பு தெரிந்தது. லோடு ஏறி என்ஜின் லேசாகச் சாயும்போதுதான் அது தகட்டைத் தொடும். நிறுத்தி வைத்து எத்தனை முறை சோதித்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் வயரை அங்கங்கே ஆட்டிக்கொண்டே அளவெடுங்கள். கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா, பின் எதுவும் பின்வாங்கிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் என்ஜின் ஆறிய பிறகு. அப்புறம் ஒன்று: நீங்கள் போட்டது வயரை வெட்டி ஒட்டும் பொது வகை சென்சார் என்றால், ஹீட்டர் வயர் இரண்டும் சரியான இடத்தில்தான் சேர்ந்திருக்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சென்சார் பக்கம் அவை பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும்.

இப்போது மீட்டர். பலரும் ஏமாறுவது இங்கேதான். கனெக்டரைக் கழற்றி வோல்ட் பார்ப்பார்கள், 12 காட்டும், வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டே இழுப்பதில்லை. ஓம் (மின்தடை) சோதனையும் இப்படித்தான் பொய் சொல்லும். ஹீட்டர் கேட்பதோ ஓர் ஆம்பியர், சில சமயம் அதற்கும் மேல்.

எனவே லோடு கொடுத்துப் பாருங்கள். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை பாசிட்டிவ் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே போட்டு, என்ஜினை ஓட விடுங்கள் (சில கார்களில் என்ஜின் ஓடினால்தான் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே ஆன் ஆகும்). பளிச்சென்று எரிந்தால் அந்தப் பாதை சரி. மங்கினால், பல்பு எரியும்போதே பேட்டரி பாசிட்டிவுக்கும் அந்தப் பின்னுக்கும் இடையே வோல்ட் எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ வீணாகிறது. ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக அளந்துகொண்டே வந்தால் இடம் தானாக அகப்படும். இந்தப் பல்பை இசியூவின் எர்த் பக்கத்திலோ சிக்னல் வயரிலோ மட்டும் போட்டுவிடாதீர்கள், இசியூ செலவு வந்துவிடும்.

எர்த் பக்கத்தைச் சோதிக்கும் முன் ஸ்கேனரில் அந்த பி0135 கோடை அழியுங்கள். கோளாறைக் கண்டதும் ஹீட்டரையே நிறுத்திவைக்கும் இசியூக்கள் உண்டு. அழிக்காமல் அளந்தால் வீண். பிறகு கனெக்டரை மாட்டி, ஹீட்டரின் எர்த் வயர் பின்னில் பின்பக்கமாக மெல்லிய ஊசி செருகி, என்ஜின் ஓடும்போது அதற்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். பேட்டரி வோல்ட் அப்படியே நின்றால் எர்த் வரவில்லை: இசியூ வரை போகும் வயர் அறுந்திருக்கலாம், அல்லது இசியூவுக்குள்ளேயே கோளாறு. நடுவில் ஏதோ ஓர் எண் காட்டினால் பயப்படாதீர்கள், இசியூ விட்டுவிட்டு எர்த் கொடுக்கிறது. விடாமல் பூஜ்யமே நின்றால் ஷார்ட்டா என்று பார்க்க வேண்டும். பேட்டரி, சென்சார் கனெக்டர், இசியூ கனெக்டர் மூன்றையும் கழற்றிவிட்டு, அந்த வயருக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். இருந்தால் எங்கோ உரசுகிறது.

இசியூவைக் குறை சொல்வது கடைசியிலும் கடைசி. ஒரே நேரத்தில் நாலைந்து கோட் வந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபியூஸ், எர்த் போல்ட், சென்சார்களுக்கு இசியூ கொடுக்கும் 5 வோல்ட் லைன் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒட்டும்போது சென்சார் பக்க வயரில் சால்டர் வைக்காதீர்கள், கனெக்டரில் கிரீஸும் தடவாதீர்கள். ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றைப் பல சென்சார்கள் அந்த வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. நல்ல கிரிம்ப் (அழுத்திச் சேர்க்கும் இணைப்பு), மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை), பிறகு பழைய பாதையிலேயே கிளிப் போட்டுக் கட்டுவது. சோதிப்பதற்காக வயரின் தோலில் ஊசியால் குத்துவதும் வேண்டாம். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிச் செம்பை அரித்துவிடும்.

வேலை முடிந்து கோடை அழித்ததும் லைட் அணைந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். என்ஜின் முழுக்க ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, வழக்கம்போல ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் சென்சார் ஹீட்டர் மானிட்டர் (இசியூ தானே செய்துகொள்ளும் சோதனை) 'முடிந்தது' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். புகைச் சோதனைக்குப் போவதாக இருந்தால் அதற்குப் பிறகு போங்கள்.