பழைய கணினியில் கேம்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி அனுப்புகிறவர்கள் 'ஐ5, 8 ஜிபி' என்று மட்டும் எழுதாமல் ப்ராசஸரின் முழு எண், கிராபிக்ஸ் கார்டின் பெயர், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) லேபிளில் உள்ள வாட், மானிட்டரின் ரெசல்யூஷன் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள். 2011-இல் வந்ததும் ஐ5தான், 2024-இல் வந்ததும் ஐ5தான்.

கேள்வி: ஐ5-4570, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. எந்த கேமும் முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு திக்கித் திக்கி நகர்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டும் மாற்றமில்லை. கார்டை மாற்ற வேண்டுமா?
(வாசகர், வேலூர்)

கார்டில் கை வைக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒழுங்காக ஓடி, போகப்போகத் தடுமாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: சூடு, அல்லது நிரம்பிப்போன மெமரி. வேலூர் வெயிலில் சூடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை 'சென்சார்ஸ் ஒன்லி' முறையில் திறந்து வைத்துவிட்டு இருபது நிமிடம் விளையாடுங்கள். திரும்பி வந்து 'மேக்ஸிமம்' பத்தியில் ப்ராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். 100 டிகிரியைத் தொட்டு, 'தெர்மல் த்ராட்லிங்' வரிகளில் 'எஸ்' என்று வந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து வேகத்தைத் தானே இறக்கிக்கொள்கிறது. வெப்பம் 80-க்குள் நின்று, வேகமும் குறையாமல் இருக்க, திக்கல் மட்டும் வந்தால் மெமரிப் பக்கம் போகலாம். டாஸ்க் மேனேஜரில் ரேம் 95 சதவீதத்துக்கு மேலும் ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்திலும் நின்றால் ரேம் போதவில்லை. பின்னணியில் திறந்து கிடக்கும் பிரவுசரை மூடினாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும். கார்டின் சொந்த மெமரியான 4 ஜிபி நிரம்பியிருந்தால் கேம் செட்டிங்ஸில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள்.

சூடுதான் என்று தெரிந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, கேபினெட்டை வெளியே எடுத்துப் போய் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது தாறுமாறான வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் முனையில் நிலைமின்னேற்றம் உண்டாகும்.

அடுத்தது தெர்மல் பேஸ்ட், அதாவது ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசை. பத்து வருடத்துப் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். கழற்றுவதற்கு முன் கணினியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் பேஸ்ட் இளகி, கூலர் எளிதாக வரும். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளின் தலையையும் அம்புக்குறிப் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுங்கள். கூலரை லேசாக இடமும் வலமும் அசைத்துவிட்டுத் தூக்குங்கள். (ஏஎம்4 போன்ற ஏஎம்டி போர்டுகளில் இந்த அசைப்பைத் தவறவிட்டால் கூலரோடு ப்ராசஸரே பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும்.) பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் கொண்டு துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். திரும்ப மாட்டுகையில் ஊசித் தலைகளை அம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவைத்து, மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்துங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: நான்கில் ஓர் ஊசி பாதியில் நிற்கும், பேஸ்ட் மாற்றியும் சூடு முன்னைவிடக் கூடியிருக்கும். மதர்போர்டின் பின்பக்கம் பார்த்தால் நான்கு ஊசி நுனிகளும் வெளியே வந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் 90-க்கு மேல் போனால், கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்து ஒருமுறை விளையாடிப் பாருங்கள். வெப்பம் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். முன்பக்கம் காற்றை உள்ளிழுக்கும்படி ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வையுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' 60 என்று வைப்பதும் சூட்டைக் குறைக்கும். விநாடிக்கு 60 படம் மட்டும் காட்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 110 ஃப்ரேம் (படம்) ஓடி யாருக்கும் பயனில்லை.

திக்காமல் கணினியே பட்டென்று அணைந்து மறுபடி எழுந்தால் அது வேறு நோய். அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் ஐ5-8250யூ, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ரேமைக் கூட்டினால் கேம் வேகமாகுமா, எஸ்எஸ்டி போட்டால் வேகமாகுமா? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.
(வாசகர், தஞ்சாவூர்)

உங்கள் லேப்டாப்பில் உள்ள யூஎச்டி 620 கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ரேமின் அளவைப் போலவே அது எத்தனை வழியில் வருகிறது என்பதும் முக்கியம். டிடிஆர்4-2400 ரேம் ஒரே குச்சியாக இருந்தால் விநாடிக்கு 19.2 ஜிபி போகும். இரண்டு குச்சி போட்டு டூயல் சேனல் ஆக்கினால் 38.4 ஜிபி. கேமில் உடனே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இது.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், அதில் மெமரி. 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' வரியில் 2-இல் 1 என்று இருந்தால் இன்னொரு 8 ஜிபி குச்சி வாங்குங்கள். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை, அளவும் வேகமும் ஒத்துப்போனால் போதும். 8-உடன் 4 போட்டால் 4+4 டூயல் சேனலிலும் மிச்சம் 4 ஒற்றை வழியிலும் ஓடும். ஒன்றும் இல்லாததற்கு அதுவும் மேல். 2-இல் 2 என்று காட்டினால் ஏற்கெனவே டூயல் சேனலாக இருக்கக்கூடும், அப்போது பணத்தை எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள்.

எஸ்எஸ்டி எஃப்பிஎஸ்ஸை (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) கூட்டாது. கேம் திறக்கும் நேரத்தையும், புது இடத்துக்குள் நுழையும்போது வரும் தடுக்கலையும் குறைக்கும். ஆனால் விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது என்றால், கேமை மறந்துவிட்டு அன்றாட வேலைக்காகவே எஸ்எஸ்டிதான் முதலில்.

பவர் பிளானில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 99 என்று வைக்கும் யோசனை எங்கும் சுற்றுகிறது. அது டர்போவையே, அதாவது தேவைப்படும்போது ப்ராசஸர் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும் வசதியையே, அணைத்துவிடும். உங்கள் ப்ராசஸர் 3.4-இலிருந்து 1.6 கிகாஹெர்ட்ஸில் போய் உட்காரும். சூட்டைக் குறைக்க ஃப்ரேமை 30-இல் கட்டிப்போடுவது நல்ல வழி. ப்ராசஸரும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்வது 15 வாட்தான், ஒன்று குறைவாகத் தின்றால் மற்றதற்குக் கிடைக்கும்.

கேள்வி: கேம் பூஸ்டர் மென்பொருள்களில் எது சிறந்தது?
(வாசகர், கோவில்பட்டி)

எதுவும் வேண்டாம். அவை செய்வது பின்னணி நிரல்களை மூடுவது, அதை நீங்களே செய்யலாம். 'ரேம் கிளீனர்' இன்னும் மோசம்: கேம் வைத்திருந்ததைத் தூக்கி வெளியே போட்டு, மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்க வைக்கும். பேஜ் ஃபைலையும் (ரேம் நிரம்பினால் விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) அணைக்காதீர்கள், 8 ஜிபி ரேமில் கேம் நடுவில் மூடிக்கொள்ளும்.

நிஜமாகவே பலன் தரக்கூடியது ஒன்று உண்டு. ஏழாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் ப்ராசஸரில் விண்டோஸ் 11 போட்டிருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியின் 'கோர் ஐசொலேஷன்' பக்கத்தில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி' வேகத்தை நன்றாகவே தின்னும். அணைக்கலாம். ஆனால் அது பாதுகாப்புக்காக வைத்தது. வங்கி வேலைக்கும் அதே கணினிதான் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கழித்துவிட்ட குட்டை கேபினெட் கணினி ஒன்று வாங்கினேன். ஐ5-4590, எஸ்எம்பிஎஸ் 255 வாட். ரிச்சி தெருவில் 4 ஜிபி ஜிடி 730 குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
(வாசகர், சென்னை)

வேண்டாம். அந்த 4 ஜிபி என்ற எண்தான் தூண்டில். 64 பிட் டிடிஆர்3 மெமரி கொண்ட ஜிடி 730-இன் வேகம் விநாடிக்கு 14.4 ஜிபி. ஜிடிடிஆர்5 வகை ஜிடி 730-க்கு 40. பெயர் ஒன்று, கார்டு வேறு. ஜிடி 1030-இலும் இதே கதை: ஜிடிடிஆர்5 வகையில் 48 ஜிபி, 2018-இல் வந்த டிடிஆர்4 வகையில் 16.8. அட்டைப்பெட்டியில் மெமரி வகையைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் பெட்டிக்கு மூன்று கட்டுப்பாடுகள். கார்டு குட்டை வகையாக, அதாவது லோ ப்ரொஃபைலாக இருக்க வேண்டும், குட்டை பிராக்கெட்டும் கூடவே வர வேண்டும். தனி பவர் ஒயர் கேட்கக் கூடாது, ஸ்லாட் வழியாக வரும் 75 வாட்டுக்குள் ஓட வேண்டும். சில குட்டைப் பெட்டிகளில் அந்த 75-கூடத் தருவதில்லை, மாடல் எண்ணை வைத்து சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, எத்தனை ஸ்லாட் தடிமன் உள்ளே நுழையும் என்பது.

ஒரே ஸ்லாட் இடம்தான் என்றால் ஆர்எக்ஸ் 6400 பொருந்தும், 53 வாட்தான். அது போர்டோடு நான்கு லேன்களில்தான் (தரவு போகும் பாதைகள்) பேசும் என்பதால் பழைய போர்டில் முழு வேகம் வராது. பயாஸ் (கணினியைத் துவக்கும் போர்டு மென்பொருள்) லெகஸி என்ற பழைய முறையில் இருந்தால் திரை கறுப்பாகவே நிற்கலாம், யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்றுங்கள். விளையாட்டைப் பதிவுசெய்ய என்கோடரும் அதில் கிடையாது. இரண்டு ஸ்லாட் இடம் இருந்தால் குட்டை ஜிடிஎக்ஸ் 1650 நல்ல தேர்வு. செகண்ட் ஹேண்டில் 1050 டிஐ கிடைத்தாலும் ஓடும், ஆனால் அதற்குப் புது கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டன. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும்.

செகண்ட் ஹேண்ட் கார்டை வாங்கும் இடத்திலேயே ஜிபியு-இசட் என்ற மென்பொருளை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஜிடிஎஸ் 450-இன் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பவர்கள் உண்டு. அந்த மென்பொருள் போலியைக் கண்டால் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டும். ஓட்டிக்காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கார்டு போட்ட பிறகு மானிட்டர் ஒயரை கார்டில் செருகுங்கள். போர்டிலேயே விட்டுவிட்டு 'கார்டு போட்டும் ஒன்றும் மாறவில்லை' என்று எழுதுபவர்கள் மாதம் தவறாமல் இருக்கிறார்கள்.

கேள்வி: சார்ஜர் மாற்றியதிலிருந்து லேப்டாப் கேமில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் ஊர்கிறது. ப்ராசஸர் வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை.
(வாசகர், திண்டுக்கல்)

பதில் உங்கள் முதல் இரண்டு சொற்களிலேயே இருக்கிறது. பல லேப்டாப்களில் சார்ஜர் முனையின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி உண்டு. சார்ஜர் எத்தனை வாட் என்பதை அதுதான் சொல்லும். அது வளைந்திருந்தாலோ, போலிச் சார்ஜரில் அந்தத் தகவலே இல்லையென்றாலோ, லேப்டாப் பயந்துகொண்டு மிகக் குறைந்த வேகத்தில் ஓடும். பழைய சார்ஜரின் லேபிளைப் பாருங்கள்: 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். புதியதில் 2.31 ஆம்பியர் என்றால் அது 45 வாட்தான். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் 'பிடி ப்ராக்ஹாட்' (ப்ராசஸரை வேகம் குறைக்கச் சொல்லும் சமிக்ஞை) டிக்கை எடுத்தால் வேகம் திரும்பும். அதைச் சோதனைக்கு மட்டும் செய்யுங்கள், மற்ற பாகங்கள் சூடாகும்போது ப்ராசஸரை எச்சரிப்பதும் அதே சமிக்ஞைதான்.

கேள்வி: ஐ3-3220, எச்61 போர்டு, ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி. ஜிடிஏ 5-இல் ரெசல்யூஷனை 1280-க்கு 720 ஆகக் குறைத்தும் ஊருக்குள் எஃப்பிஎஸ் ஏறவில்லை, 34-க்கும் 52-க்கும் இடையே ஊசலாடுகிறது. கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்கிறது.
(வாசகர், நாகர்கோவில்)

1920-க்கு 1080-இலிருந்து 720-க்கு இறங்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன. அப்படியும் ஏறவில்லை என்றால் தடை கார்டில் இல்லை, இரண்டு கோர் ப்ராசஸரில். ஆகவே ரெசல்யூஷனைப் பழையபடி ஏற்றிவிடுங்கள், ஒன்றும் குறையாது. 'பாப்புலேஷன் டென்சிட்டி', 'பாப்புலேஷன் வெரைட்டி', 'டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்' மூன்றையும் கீழே இழுங்கள். 'எக்ஸ்டெண்டட் டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்' பூஜ்யத்தில் இருக்கட்டும். தெருவில் ஆளும் வண்டியும் குறையும், எஃப்பிஎஸ் ஏறும். கிராமப்புறம் போனால் நிலைமை தலைகீழ்: அங்கே கார்டைத் தின்பது 'கிராஸ் குவாலிட்டி'. அது 'நார்மல்' போதும், படத்தின் ஓரங்களை மழமழப்பாக்கும் முறைகளில் எம்எஸ்ஏஏ வேண்டாம், எஃப்எக்ஸ்ஏஏ வைத்துக்கொள்ளுங்கள்.

அதே போர்டில் ஐ5-3470 உட்காரும், நான்கு கோர். மூன்றாம் தலைமுறை ப்ராசஸர் ஏற்கெனவே ஓடுகிற போர்டு என்பதால் பயாஸ் சிக்கலும் வராது. 55 வாட்டிலிருந்து 77-க்குப் போகிறீர்கள், கூலரின் அடியில் செம்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விலை கூடிய 'கே' வகை வேண்டாம், எச்61 போர்டில் ஓவர்க்ளாக் (ப்ராசஸர் வேகத்தை வரம்புக்கு மேல் ஏற்றுவது) நடக்காது.

2025-இல் வந்த ஜிடிஏ 5 'என்ஹான்ஸ்டு' பதிப்பு உங்கள் கணினிக்கு இல்லை, பழைய 'லெகஸி' பதிப்பிலேயே இருங்கள். ப்ராசஸர் மாற்றும்வரை விசிங்க்கை (ஃப்ரேமை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் செட்டிங்) 'ஹாஃப்' என்று வைத்தால் ஃப்ரேம் 30-இல் நிலையாக நிற்கும். 34-க்கும் 52-க்கும் இடையே ஊசலாடுவதைவிட அது கண்ணுக்கு இதமாக இருக்கும்.