20,000 ரூபாயில் ஹோம் தியேட்டர்: ஐந்து பெட்டி வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் இருக்கிறோம். ஹால் 10 அடிக்கு 12 அடி. 43 அங்குல டிவி இருக்கிறது. ஓடிடியில் படம் பார்த்தால் சண்டைக் காட்சி காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் புரிவதில்லை. அப்பாவுக்குக் காது சற்று மந்தம். கையில் 20,000 ரூபாய் வைத்திருக்கிறேன். ‘12,000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று அச்சிட்ட 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஒன்றும்) ஒன்றைக் கடைக்காரர் பாதி விலைக்கே காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று பின்பக்கம் ஒரு சிறிய லேபிளில் போட்டிருப்பார்கள். முன்பக்க அட்டையில் இருக்கும் எண்ணுக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. நம் வீட்டுச் சுவரில் உள்ள 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில், 230 வோல்ட்டில், அதிகபட்சம் 1,380 வாட்தான் எடுக்க முடியும். அதில் செருகும் கருவி 12,000 வாட் ஒலியை எங்கிருந்து கொண்டுவரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பிஎம்பிஓ (கணநேர உச்சத் திறன் என்று விளம்பரத்தில் போடுவது) என்ற எண்ணைக் கணக்கிட எல்லோரும் ஒப்புக்கொண்ட முறையே கிடையாது. ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய திறன்) என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

ஆர்எம்எஸ் கணக்கிலும் உங்கள் ஹாலுக்குத் தேவை மிகக் குறைவு. சாதாரண புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரின், அதாவது அலமாரியில் வைக்கும் அளவுள்ள சிறிய பெட்டி ஸ்பீக்கரின், சென்சிட்டிவிட்டி 87 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் கேட்கும் என்று அதற்குப் பொருள். நீங்கள் உட்காரும் எட்டடி தூரத்தில் அது ஏறக்குறைய 80 ஆகக் குறையும். நாம் வீட்டில் பேசிக்கொள்வது 60 டெசிபெல் அளவில்தான். ஒரே வாட்டுக்கு இவ்வளவு சத்தம்! சத்தத்தை மேலும் 10 டெசிபெல் கூட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும். அப்படியும் 10 வாட்தான் ஆகிறது. ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, நேர்மையான 30, 40 வாட் இருந்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை கேட்கலாம்.

உங்கள் உண்மையான சிக்கல் வசனம். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கு, அதாவது சென்டர் சேனலுக்கு, ஒதுக்கப்பட்டிருக்கும். மெலிந்த டிவியோ ஆறு சேனல்களையும் இரண்டாகச் சுருக்கி, அடிப்பக்கம் பார்த்திருக்கும் சின்ன ஸ்பீக்கர்களில் தள்ளுகிறது. போதாக்குறைக்கு டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் வெற்றுச் சுவர்களும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீண்டால் முதல் செலவு ஸ்பீக்கரில் இல்லை, துணியில். பவானி ஜமக்காளம் உங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. ஒன்றை இரண்டாக மடித்து டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் விரியுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். இதெல்லாம் அழகுக்கு என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஏறக்குறைய பாதியை ஒரு ஜோடி புதிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கும் மீதியைப் பழைய ஏவி ரிசீவர் ஒன்றுக்கும் வையுங்கள். டிவியின் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டிதான் ஏவி ரிசீவர். டெனான், யமஹா, ஆன்கியோ, சோனி என எது கிடைத்தாலும் சரி. 4கே படத்தைக் கடத்தாது என்பதற்காகவே நல்ல ரிசீவர்களை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். உங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. செட்டாப் பாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் டிவியில் நேரடியாக இணைத்துவிட்டு, ஒலியை மட்டும் டிவியிலிருந்து ரிசீவருக்கு அனுப்பினால் போதும். இரண்டிலும் ‘ஏஆர்சி’ (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று குறித்த எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதுவே சிறந்தது; டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் அப்பாவுக்கும் வசதி. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 முதல் இந்த வசதி உண்டு. அது இல்லாவிட்டால் ஆப்டிகல் கேபிளில் இணைக்கலாம். ரிமோட் மட்டும் இரண்டாகிவிடும்.

பழையது வாங்கும்போது விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு சேனலிலும் டெஸ்ட் டோன் வருகிறதா, வால்யூம் திருகும்போது கரகரக்கிறதா, திரையில் ‘புரொட்டெக்ட்’ என்று காட்டி அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள். பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டேஜையும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட், ஜப்பானுக்கென்று செய்தது 100 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் பிளக்கில் செருகினால் புகைதான் வரும். சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து தருவோரும் இருக்கிறார்கள். கைராசிக்காரர் தெரிந்தவராக இருந்தால் பாட்டுக் கேட்க அருமையான பொருள். அப்பா பயன்படுத்தப்போகும் டிவிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பீக்கர் ஒயரில் ஏமாறாதீர்கள். செம்பு நிறத்தில் இருப்பதெல்லாம் செம்பு இல்லை. இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் உங்கள் தூரத்துக்குத் தாராளம். இணைக்கும்போது ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஸ்பீக்கர்களை ஷோகேஸுக்குள் திணிக்காமல் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறிய வட்டம்) உங்கள் காது உயரத்தில் இருக்குமாறு, டிவியின் இரு பக்கமும் ஆறு ஏழு அடி இடைவெளியில், சற்றே உள்நோக்கித் திருப்பி வையுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். நானே இதில் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்: வெடிச் சத்தம் வந்தது, பாட்டு வந்தது, பேசும் குரல் மட்டும் தூரத்து முணுமுணுப்பாக இருந்தது. நடு ஸ்பீக்கர் இல்லை என்பதை ரிசீவரிடம் நான் சொல்லவே இல்லை. பாவம், அது வசனத்தையெல்லாம் ஒயரே மாட்டாத முனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் செட்டப் மெனுவில் சென்டர், சரவுண்ட் (பின்பக்க ஸ்பீக்கர்கள்), சப்வூஃபர் மூன்றுக்கும் ‘நன்’ (None, அதாவது இல்லை) என்று வைத்துவிடுங்கள். வசனம் இரு ஸ்பீக்கருக்கும் சமமாகப் பிரிந்து, நடுவில் உட்காருபவருக்கு டிவியிலிருந்தே வருவதுபோல் கேட்கும். அந்த நடு இடத்தை அப்பாவுக்குக் கொடுங்கள். ‘நைட் மோட்’ இருந்தால் அதையும் போடுங்கள். வெடியைத் தாழ்த்தி முணுமுணுப்பை உயர்த்திக் கொடுக்கும்.

அடுத்த போனஸில் அதே கம்பெனியின் அதே வரிசையில் ஒரு சென்டர் ஸ்பீக்கர் வாங்குங்கள். மெனுவில் அதை இயக்கிவிட்டு, அதன் அளவை மட்டும் மூன்று டெசிபெல் கூட்டினால் அப்பா சப்டைட்டில் கேட்க மாட்டார். பின்பக்க ஸ்பீக்கர்கள் எல்லாவற்றுக்கும் கடைசி.

பழைய பொருளோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லையென்றால் 3.1 சவுண்ட்பார் (இடம், நடு, வலம் மூன்றும் ஒரே நீளப் பெட்டியில், கூடவே ஒரு சப்வூஃபர்) வாங்கலாம். தனி சென்டர் சேனல் இருப்பதாக அட்டையில் எழுதியிருக்க வேண்டும். போர்டு போனால் முழுதும் குப்பைதான் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சப்வூஃபரை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். நீங்கள் இருப்பது மாடி; தாழ்ந்த அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு நேராக இறங்கும். பத்தடி அகல அறையில் 56 ஹெர்ட்ஸ் அருகே ஓசை தானாகவே வீங்கி ஒரே ‘கும்’மென்று கேட்கும் என்பது இன்னொரு தொல்லை. என்றாவது வாங்கினால், முதலில் அதைச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் தூக்கி வைத்து ஒரு பேஸ் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கேயே சப்வூஃபரை வைத்துவிடுங்கள். தவழும்போது விருந்தாளிகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.