சுற்றிச் சுற்றி வருகிறான், தலையே சுற்றவில்லையாம்!

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. ஆட்டிசம் இருக்கிறது. கூடத்தில் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றுவான். ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல நேராக நடந்து போவான். ஆனால் சலூனில் தலையைப் பின்னால் சாய்த்தால் அலறுகிறான், பஸ்ஸில் போனால் வாந்தி எடுக்கிறான். காதில் ஏதாவது குறையா? பள்ளியில் "சுற்றவே விடாதீர்கள்" என்கிறார்கள். உறவினர் ஒருவர், தினமும் சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். தடுக்கவும் வேண்டாம், நீங்களாகப் பிடித்துச் சுற்றிவிடவும் வேண்டாம்.

தலை சுற்றுவது எப்படி என்று முதலில் பார்ப்போம். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன, உள்ளே திரவம். தலை திரும்பினால் குழாய் உடனே திரும்பும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்த இழுபறியில் உள்ளிருக்கும் நுண்ணிய உணர்முடிகள் வளைந்து, தலை திரும்புவதை மூளைக்குச் சொல்கின்றன. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் அரை நிமிடம் போலத் திரவமும் அந்த வேகத்தைப் பிடித்துவிடும், சேதி ஓய்ந்துவிடும். வம்பெல்லாம் சட்டென்று நிற்கும்போதுதான். சொம்பைச் சுழற்றி நிறுத்தினாலும் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்குமே, அதேபோலத் திரவம் ஓடும். உடம்பு நிற்கிறது, காதோ எதிர்ப்பக்கம் சுற்றுவதாகச் சொல்கிறது, கருவிழிகள் பக்கவாட்டில் வெட்டி வெட்டி ஆடுகின்றன. இதுதான் கிறுகிறுப்பு. வியன்னாவில் ராபர்ட் பாரனி, நோயாளிகளைச் சுழல் நாற்காலியில் சுற்றியும் காதில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டும் இந்தக் கண்ணாட்டத்தை ஆராய்ந்தார். 1914-க்கான மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கண்ணாட்டம் குறைவாக இருப்பதாக 1969-லேயே அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பிறகு வந்தவை எல்லாம் அதையே சொல்லவில்லை. அறையில் வெளிச்சம் இருந்ததா, குழந்தை எதையாவது உற்றுப் பார்த்ததா என்பதெல்லாம் முடிவை மாற்றின. அதனால் ஆட்டிசம் என்றாலே தலை சுற்றாது என்று விதி போட முடியாது. காது கெட்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. காது அனுப்பும் சேதியை மூளை எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பழக்கமும் சேர்ந்துகொள்ளும். தினமும் சுற்றிச் சுழலும் நடனக்காரர்களுக்குக் கிறுகிறுப்பு குறைவது அப்படித்தான்.

இதெல்லாம் புதிதாகக் கண்ட விஷயமில்லை. 1943-ல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் எழுதிய ஆட்டிசக் கட்டுரையின் முதல் சிறுவனே, கையில் கிடைத்த உருண்டைப் பொருளையெல்லாம் தரையில் சுழலவிட்டவன்தான். ஆனாலும் ஒலி, தொடுதல், அசைவு போன்றவற்றை அதிகமாகவோ குறைவாகவோ உணர்வது, அமெரிக்க மனநலக் கையேட்டின் ஆட்டிச அளவுகோல்களில் தெளிவாக இடம்பெற்றது 2013-ல். பெற்றோர் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தலை சுற்றாமல் இருப்பது வேறு, சுற்றினாலும் சொல்லத் தெரியாமல் இருப்பது வேறு. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் பசி, குமட்டல், மூத்திரம் முட்டுவது போன்ற உள்ளுடம்புச் சேதிகளே சரியாகப் பிடிபடுவதில்லை. முகம் வெளிறுவது, நெற்றி வியர்ப்பது, திரும்பத் திரும்பக் கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, திடீரென்று சோர்ந்து படுப்பது ஆகியவற்றைப் பாருங்கள். சுற்றி முடித்து வெகு நேரம் கழித்தும் இவை வரலாம். மதியச் சோறு இறங்காததற்குக் காலைச் சுற்றல் காரணமாக இருக்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது.

சரி, சலூனும் பஸ்ஸும்? குழாய்கள் சுழற்சியை உணர்பவை. தலை சாய்வதையும் நேர்கோட்டில் போவதையும் உணர, உள்காதிலேயே சுண்ணாம்புத் துகள் படிந்த இரண்டு சின்னப் பைகள் தனியாக உண்டு. ஒன்றில் தாங்கும் குழந்தை மற்றதில் தாங்காமல் போகலாம். இன்னொன்றும் இருக்கிறது. அவனே சுற்றும்போது அடுத்த அசைவு மூளைக்கு முன்கூட்டியே தெரியும். சலூன்காரர் சாய்க்கும்போது தெரியாது. பஸ் ஓட்டுபவருக்கு வாந்தி வராமல் பின்சீட்டுக்காரருக்கு வருவதும் இதனால்தான். எனவே, முடிவெட்டும்போது பாதம் தொங்காமல் ஒரு முக்காலி, தலை முன்பக்கம் குனிந்தபடி, "இப்போது தொடப்போகிறார்" என்று ஒவ்வொரு தடவையும் அறிவிப்பு. வீட்டில் தலைக்குக் குளிப்பாட்டும்போதும் பின்னால் சாய்க்காதீர்கள். பஸ்ஸில் முன்பக்க இருக்கை, கண் வெளியே, கையில் போன் கூடாது.

சுற்றுவதை ஏன் தடுக்கக் கூடாது? அது அவனுக்கு ஏதோ வேலை செய்கிறது. அந்த வேலை என்ன என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றும் முன் என்ன நடந்தது, பின் எப்படி இருந்தான் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். மிக்ஸி சத்தத்துக்கோ விருந்தாளி வந்ததற்கோ அடுத்து சுற்றினால், அது தப்பிக்கும் வழி. அங்கே குறைக்க வேண்டியது சத்தத்தை. பள்ளிவிட்டு வந்ததும் சுற்றிவிட்டுத் தெளிவாக உட்கார்ந்து சாப்பிட்டால், அது அவனுக்குத் தேவை. சுற்றச் சுற்ற வெறிபிடித்ததுபோல ஓடிக் கத்தினால், அவனுக்கு அளவு மீறுகிறது. அப்போது இடையில் நிறுத்தி, திசை மாற்றி, கனமான வேலை கொடுங்கள்: அரிசிப் பையைத் தூக்கிவரச் சொல்லலாம், சுவரை இரு கையாலும் தள்ளச் சொல்லலாம். சுற்றலைவிட முன்னும் பின்னும் மெதுவாக ஆடும் ஊஞ்சல் பல குழந்தைகளை நன்றாக அமைதிப்படுத்துகிறது. துணி ஊஞ்சல் கட்டினால் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், கழுத்தில் சுருட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சுற்றும் இடத்தில் ஈர டைல்ஸ், மேசை முனை, படிக்கட்டு இருக்கக் கூடாது. மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். ஆசிரியரிடம், வகுப்புகளுக்கு நடுவே கொஞ்சம் எழுந்து அசையும் இடைவேளை கேளுங்கள். அதை மறுக்கும் பள்ளிகள்தான் கடைசியில் "உட்காரவே மாட்டேன் என்கிறான்" என்று கூப்பிடுகின்றன.

சுழல் நாற்காலி யோசனைக்கு வருகிறேன். அவன் கட்டுப்பாட்டில் இல்லாத சுழற்சி குமட்டலையும் பயத்தையும் தரும். ஆட்டிசத்தை அது 'சரிசெய்வதாக' ஆதாரம் இல்லை. ஊஞ்சல், தொடுதல், அசைவு போன்றவற்றால் புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சைக்கே ஆதாரம் இன்னும் போதாது என்றும், அதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் அறிவுறுத்தியது. அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் போகலாம். ஆனால் சாப்பிடுவது, உடுத்துவது, தூங்குவது போன்ற எந்த அன்றாடக் காரியம் எத்தனை வாரத்தில் முன்னேற வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

டாக்டரிடம் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டியவை உண்டு. சுற்றும்போதோ நின்றபின்போ வெறித்துப் பார்த்து, தொட்டாலும் கூப்பிட்டாலும் திரும்பாமல் சில விநாடி உறைவது, இமை துடிப்பது. இவை வலிப்பாக இருக்கலாம்; ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். சுற்றாதபோதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பது, புதிதாகத் தலையைக் கோணலாக வைப்பது, காலையில் தலைவலியோடு வாந்தி, காதில் சீழ், பேசிய சொற்களை இழப்பது ஆகியவையும் அப்படியே. உறைவதை போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் நரம்பியல் மருத்துவருக்குப் பெரிய உதவி. காதுப் பரிசோதனையும் கேட்கும் திறன் சோதனையும் இதுவரை செய்யவில்லை என்றால் எப்படியும் செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்க்கின்றன. அந்த ஒரு வார நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.