வெங்காரமா, படிகாரமா? சாமி மேடைக்கு எது?

கேள்வி: போன வருஷம்தான் பிடிஓ வீட்டுக்கு, அதான் சிங்கப்பூர் அரசாங்கம் புதுசா கட்டிக் கொடுக்கிற அடுக்குமாடி வீட்டுக்கு, வந்தோம். ஜொகூர் பாருல தேக்குல சாமி மேடை செஞ்சு, வார்னிஷ் அடிச்சு வாங்கினோம். இப்ப காமாட்சி விளக்குக்கு நேர் மேல இருக்கிற பலகையில அம்பது காசு அளவுக்கு பழுப்பா ஒரு கறை. செஞ்ச ஆசாரிகிட்ட கேட்டா வெங்காரத்த தண்ணியில கரைச்சு அடிங்க தீயே பிடிக்காதுங்கிறாரு, எங்க அத்தை படிகாரம்தான் நல்லதுங்கிறாங்க. எது சரி? எத்தனை கோட் அடிக்கணும்?
வாசகி, யீஷூன்

பதில்: அக்கா, ரெண்டு பேரும் சும்மா சொல்லல. ஆனா உங்க மேடையில ரெண்டுமே வேலை செய்யாது, ஏன்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி அந்தக் கறைய ஈரத்துணியில அழுத்தித் துடைச்சுப் பாருங்க. எண்ணெப் புகைக் கரின்னா கொஞ்சமாவது துணியில வரும். வரவே இல்லன்னா மரம் வேக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். மரம் 200 டிகிரிக்கு மேல சூடானா உள்ளுக்குள்ள சிதைஞ்சு வாயுவா வெளிய வரும், நாம பாக்குற தீ பெரும்பாலும் அந்த வாயு எரியிறதுதான், கட்டையே நேரா எரியிறது இல்ல.

வெங்காரம், படிகாரம் மாதிரி உப்பு வகையெல்லாம் அந்த எடத்துலதான் கைய வைக்குது. வெங்காரத்த எடுத்துக்கோங்க, தட்டாருங்க நகை பத்தவைக்க வச்சிருப்பாங்களே அதே வெங்காரம்தான், சித்த வைத்தியத்துல அதை சட்டியில போட்டு பொரிப்பாங்க, பொரி மாதிரி உப்பி வெள்ளையா வரும். அது எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணி, அதான் அப்படிப் பொரியுது. மரத்துல ஊறியிருக்கும்போது சூடு பட்டா அந்தத் தண்ணி ஆவியாகி கொஞ்சம் சூட்ட தின்னுடும், அப்புறம் மிச்சம் உருகி கண்ணாடி மாதிரி மேல படியும். மரமும் எரியிற வாயுவா மாறாம சீக்கிரமே கரியா மாறிடும், அந்தக் கரி உள்ள இருக்கிற மரத்துக்கு ஒரு போர்வை மாதிரி.

உங்க கடிதம் வந்தப்புறம் நானும் சும்மா இருக்கல, ஐஸ்கிரீம் குச்சிய வெங்காரம் கரைச்ச வெந்நீர்ல ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, ரெண்டு நாள் காயவச்சு, கிச்சன் சிங்க்குக்கு மேல மெழுகுவர்த்தியில காட்டிப் பாத்தேன். சாதா குச்சி மெழுகுவர்த்திய எடுத்தப்புறமும் என் விரல நோக்கி எரிஞ்சுகிட்டே வந்துச்சு. வெங்காரம் ஊறின குச்சியில தீ உடனே அணைஞ்சிருச்சு, ஆனா நுனி மட்டும் பீடி மாதிரி செவசெவன்னு ரொம்ப நேரம் கனிஞ்சுகிட்டே இருந்துச்சு. போரிக் ஆசிட் கலந்த குச்சியில அந்தக் கனலும் இல்ல. இது தெரிஞ்ச விஷயம்தான், வெங்காரம் தீ பரவுறத நிறுத்தும் ஆனா கனல விட்டுரும், போரிக் ஆசிட் கனல அடக்கும், அதனாலதான் ரெண்டையும் சேத்து 7க்கு 3ங்கிற கணக்குல கலக்குற பழைய ஃபார்முலா ஒண்ணு இருக்கு, அதுவும் துணிக்கு.

அத்தை சொன்ன படிகாரத்துக்கு வயசு இன்னும் ஜாஸ்தி. கிமு 86ல ரோமானியத் தளபதி சுல்லா பைரேயஸ் துறைமுகத்த முற்றுகை போட்டப்ப, எதிரி கட்டின மரக் கோபுரம் ஒண்ணு எவ்வளவு தீ வச்சும் எரியல, பலகையெல்லாம் படிகாரம் பூசியிருந்துச்சுன்னு பழைய லத்தீன் குறிப்பு சொல்லுது. ஆனா அது போருக்கு, ரெண்டு மாசம் நின்னாப் போதும். படிகாரத்துக்கு அமிலத்தன்மை இருக்கு, நம்ம ஊரு ஈரக் காத்துல ஆணி துருப்பிடிக்கும், வருஷக்கணக்குல மரமும் பலவீனமாகும். அமெரிக்காவுல 1980கள்ல தீத்தடுப்பு உப்பு ஏத்தின பிளைவுட்ட கூரைக்குப் போட்டாங்க, வெயில் சூட்டுல அந்த உப்பே அமிலமாகி பலகை ரஸ்க் மாதிரி நொறுங்கிருச்சு. தீயிலருந்து காப்பாத்தப் போட்டது.

சரி, உங்க மேடை. வார்னிஷ் அடிச்ச மரத்துல தண்ணிக் கரைசல் உள்ள போகாது, மேலயே நின்னு காஞ்சிரும். வார்னிஷ சுரண்டி எடுத்தாலும் தேக்கு எண்ணெப் பசையுள்ள கெட்டி மரம், பிரஷ்ல அடிச்சா மேலாப்புல மட்டும்தான் நனையும். உண்மையான தீத்தடுப்பு மரம்னா ஃபேக்டரியில பெரிய இரும்புக் குழாய்க்குள்ள கட்டைய அடைச்சு, காத்த உறிஞ்சி எடுத்துட்டு, அழுத்தம் கொடுத்து உப்ப உள்ள தள்ளுவாங்க, நம்ம பிரஷ் அதுக்கு ஈடாகாது. இன்னொண்ணு, எனக்கு இதுதான் பெரிய பயம், காஞ்ச வெங்காரம் மேல வெள்ளையா பூத்து நிக்கும், பாக்க அப்படியே விபூதி. வீட்டுல சின்னப் புள்ள இருந்தா தொட்டு நெத்தியில வச்சிட்டு விரல நாக்குல வைக்கும். வயித்துக்குள்ள போகக் கூடாத சாமான், பிரசாதம் வைக்கிற எடத்துல அது வேணவே வேணாம்.

விளக்கத் தள்ளி வைங்க. சுடரு மேல பலகை இருக்கிற எடத்துல கைய வச்சு பத்து எண்ணுங்க, எண்ண முடியலன்னா விளக்கு அங்க இருக்கக் கூடாது, முன்னாடி இழுத்து மேல வெறும் காத்து இருக்கிற மாதிரி வைங்க. அடியில ஒரு கிரானைட் துண்டு, டைல்ஸ் கடையில வெட்டுன மிச்சம் கேட்டா கொடுப்பாங்க. மேல் பலகைய கழட்ட முடியாதுன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்ட மரத்துல ஒட்டாம ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு தொங்கவிடச் சொல்லுங்க, அந்த இடைவெளியில போற காத்துதான் சூட்ட எடுத்துட்டுப் போகும், ஒட்டிட்டா பிரயோஜனம் இல்ல. சூடம் ஏத்துறது எப்பவும் தட்டுல. மார்க்கெட்டுக்குப் போகும்போது விளக்க மலையேத்திட்டுப் போங்க, சாமி கோவிச்சுக்காது.

கேள்வி: காரிடார்ல மர ஷூ ரேக் வச்சிருக்கேன். தீத்தடுப்பு பெயின்ட் அடிச்சா டவுன் கவுன்சில்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?
வாசகர், தெம்பனிஸ்

பதில்: பெயின்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே, நடக்க 1.2 மீட்டர் வழி இருக்கணும், அதான் கணக்கு. அந்த பெயின்ட் நல்லதுதான், அம்மோனியம் பாலிபாஸ்பேட் கலந்திருக்கும், சூடு பட்டா பூரி மாதிரி உப்பி மரத்துக்கு மேல நுரைக் கரியா நிக்கும். ஆனா டப்பாவுல சொன்ன தடிமன்ல அடிக்கணும், மிச்சம் புடிக்கிறேன்னு மெல்லிசா அடிச்சா உப்பாது. அதுக்கு மேல என்ன அடிக்கலாம்னும் டப்பாவுலயே போட்டிருக்கும், கலர் புடிக்கலன்னு கையில கிடைச்ச பெயின்ட்ட அடிச்சிராதீங்க. ரேக்குள்ள பழைய பேப்பர் அடுக்கி வச்சிருந்தீங்கன்னா மொதல்ல அதை எடுங்க.

கேள்வி: எங்க தாத்தா கம்பத்து (அந்தக் காலக் கிராமத்து) வீட்டுப் பலகைக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பாராம், தீ அண்டாதுன்னு. உண்மையா?
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கொஞ்சம் உண்மை. காஞ்ச சுண்ணாம்பு எரியாது, பொறி விழுந்தா பலகை பத்துறதுக்கு கொஞ்ச நேரம் எடுக்கும். ஆனா அத்தாப்பு ஓலைக் கூரைக்கு யாரு சுண்ணாம்பு அடிச்சா? 1961 மே 25, புக்கிட் ஹோ சுவீ தீயில கிட்டத்தட்ட 16,000 பேருக்கு வீடு போச்சு, காத்து அடிச்ச பக்கமெல்லாம் நெருப்பு கூரைக்குக் கூரை தாவியிருக்கு. தாத்தா அந்தக் காலத்து ஆளுன்னா அவரு வீடு எந்தக் கம்பத்துலன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்களேன், அடுத்த இதழ்ல போடுறேன்.