வீட்டிலேயே கல்லுக்கு மெருகேற்றலாமா?

கேள்வி: எங்கள் காட்டில் உழும்போது கிடைத்த சில கற்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வியாபாரிகள் மூன்ஸ்டோன் என்று சொல்லும் சந்திரகாந்தக் கல் சிலவும், வெண்ணிறப் படிகக் கற்களும் அவற்றில் உள்ளன. நனைத்தால் அழகாகத் தெரிகின்றன, காய்ந்ததும் மங்கிவிடுகின்றன. இயந்திரம் இல்லாமல் கையாலேயே இவற்றுக்கு மெருகேற்ற இயலுமா?
– வாசகர் ஒருவர், காங்கேயம்.

பதில்: உறுதியாக இயலும். உங்கள் ஊருக்கு வெகுதொலைவில் இல்லாத கொடுமணலில், நொய்யல் கரையில் நடந்த அகழாய்வில், படிகத்திலும், சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லிலும் செய்த மணிகள் பாதி வேலை முடிந்த நிலையிலேயே கிடைத்திருக்கின்றன. மின்சாரம் இல்லாத காலத்தில் கைத்திறனால் நடந்த வேலை அது.

கல்லின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பள்ளங்களும் கீறல்களும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது மங்கலாகத் தெரிகிறது. தண்ணீர் அவற்றை நிரப்பும்போது சிதறல் குறைந்து நிறம் தெளிகிறது. பெரிய கீறலைச் சிறிய கீறலாகவும், அதை இன்னும் நுண்ணியதாகவும் மாற்றிக்கொண்டே சென்று, தண்ணீர் சற்று நேரம் தரும் அந்தத் தெளிவை நிலைக்கச் செய்வதுதான் மெருகேற்றுதல்.

கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சந்திரகாந்தக் கல் 6 முதல் 6.5 வரையும், படிகம் 7 என்றும் அமையும். வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில்) ஒட்டியுள்ள சிலிக்கான் கார்பைடு துகள் இவற்றைவிட மிகக் கடினமானது என்பதால் இரண்டையும் தேய்த்துவிடும். உங்கள் கற்களில் குருந்தம் (மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கல்லினம்) இருந்தால் அதை மட்டும் ஒதுக்கி வையுங்கள்; அதன் கடினம் 9, வைரத்தூள் இல்லாமல் கை ஓய்ந்துவிடும். ஆங்கிலேயர் கொரண்டம் என்று சொல்வதும் நம் குருந்தம் என்ற சொல்லைத்தான். முதல் பயிற்சிக்கு, தரை போடும் இடத்தில் மீந்த பளிங்குத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. அதன் கடினம் 3 என்பதால் ஒரே மாலையில் பலன் தெரியும்.

கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை விரித்து, 120, 220, 400, 600, 1000, 2000 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் நுண்ணியது), தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கல் சிறியதாக இருந்தால் குச்சியின் நுனியில் அரக்கை உருக்கி அதில் பதித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் தவறுவது முதல் இரண்டு தாள்களில்தான்: சலிப்புற்று அடுத்த தாளுக்குத் தாவினால், 120 விட்டுச்சென்ற கீறல் 2000 வரை கூடவே வந்து, மெருகு ஏறிய பிறகுதான் கண்ணில் படும். ஈரம் கீறலை மறைக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் கல்லைத் துடைத்து, காயவைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்த பின்னரே அடுத்த தாளை எடுங்கள். கையையும் கல்லையும் கழுவிக்கொள்வதும் கட்டாயம். முந்தைய தாளின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் புதிய கீறல் விழும். இறுதியில், ஈரத் தோல் துண்டில் சீரியம் ஆக்ஸைடு தூளைக் குழைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும்.

உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள். படிகத்தின் தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரக்கூடியது. தேய்க்கும்போது சேரும் கல் சேற்றைக் கழுவு தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வாளியில் தெளியவைத்து, ஈரத்தோடே ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சந்திரகாந்தக் கல்லுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் தேவை. அது இரு திசைகளில் எளிதாகப் பிளக்கும் தன்மை கொண்டது என்பதால் சுத்தியலால் தட்ட வேண்டாம். தேய்க்கத் தொடங்குமுன் கல்லை நனைத்து, விளக்கடியில் மெல்லத் திருப்பிப் பாருங்கள்; நீலமோ வெண்மையோ கலந்த அந்த ஒளி எந்த முகத்தில் மிதக்கிறதோ, அதையே மேற்புறமாக வைத்துக் குவிந்த வடிவில் தேய்க்க வேண்டும்.